ஹூஸ்டன் நகரத்துச் சொல்லிசையும் அதன் வேர்களும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியிலுள்ள டெக்ஸாஸ் மாகாணத்தில், ஹூஸ்டன் என்னும் பெருநகரிலே வளர்ந்த சொல்லிசையைப்பற்றிச் சில கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். சொல்லிசை என யாம் ஈண்டுக் குறிப்பது மேனாட்டார் ராப் என வழங்கும் பாட்டினை. இராகம் விரித்துப் பாடாது, தாளத்தின்மேற் சொற்களை அடுக்கி, எதுகையும் இயைபும் அடிதோறும் வந்து மோதுமாறு உரைப்பதே அதன் இலக்கணம். யாப்பருங்கலக்காரிகை பயிலும் தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவர்க்கு இதில் என்ன வேலை என்று ஆசிரியர் சிலர் வினவக்கூடும். சீரையும் தளையையும் ஏட்டிற் கண்டு பயில்வோர்க்கே, அவற்றை ஒருவன் நாவில் உயிரோடு கேட்கும் ஆவல் மிகுதியாகும் என்பது எம் விடை.

சொல்லிசை பிறந்த இடம் ஹூஸ்டன் அன்று. 1973-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியிலே, ஜமைக்காத் தீவினின்று குடியேறிய ஹெர்க் என்பார், ஒரு விருந்தில் இசைத்தட்டுக்களின் தாளப்பகுதியை மட்டும் நீட்டி நீட்டி ஒலிப்பித்தனர். அதுவே இக்கலையின் தோற்றுவாய் எனச் சரித்திரமெழுதுவோர் கூறுவர். அதன்பின் ஏறத்தாழப் பத்தாண்டுகள் நியூயார்க்கார் பேசியதே பேச்சு, அவர் நடந்ததே நடை. பின்னர் மேல்கரையிலுள்ள லாஸ் ஏஞ்செல்ஸ் நகரத்தார் தமக்கென ஓரிடம் பெற்றனர். தென்னாட்டாரின் இழுத்துப் பேசும் உச்சரிப்போ நகைப்புக்கே இடமாயிற்று. ஹூஸ்டன் இளைஞரும் தொடக்கத்தில் தம் நாவின் இயல்பை மறைத்து, கேட்ட குரலையே பின்பற்றிப் பாடினர். இரவல் நகையை எத்தனை நாள் அணிந்திருத்தல் கூடும்? அதனைக் கழற்றி வைத்த பின்னரே அவ்வூர்ப் பாட்டு உலகின் செவிக்கு எட்டியது. அது நிகழ்ந்தவாற்றை இனி நோக்குவாம்.

நகரின் இயல்பைச் சிறிது அறிந்தாலன்றி அதன் பாட்டின் இயல்பு விளங்காது. 1836-இல் தோன்றிய ஹூஸ்டன், இன்று மக்கட்டொகையில் அந்நாட்டின் நான்காவது நகரம். ஏறத்தாழ 23 இலட்சம் மக்கள் அங்கு வாழ்கின்றனர். மெக்ஸிகோ வளைகுடாவுக்கு அண்மையிலுள்ள சமநிலம் அது. கோடையிற் புழுக்கம் மிகுதி. மாடியின்மேல் மாடியாக நெருங்கி உயர்ந்த நியூயார்க்கைப் போலன்றி, இது பரந்து கிடக்கும் ஊர். ஒரு கோடியினின்று மறுகோடிக்குக் காரின்றிச் செல்லுதல் அரிது. நியூயார்க் இளைஞன் தெருமுனையிலும் பாதாள இரயிலிலும் பாட்டைக் கேட்டான். ஹூஸ்டன் இளைஞன் வண்டிக்குள் அமர்ந்து கேட்டான். இவ்வேற்றுமையை மனத்திற் கொள்க, பின்னர் வேண்டப்படும்.

அடிமைத்தளை நீங்கிய செய்தி டெக்ஸாஸ் மாகாணத்துக் கறுப்பின மக்களுக்கு 1865 ஜூன் 19-ஆம் நாளன்று, கால்வெஸ்டன் துறைமுகத்திற் படிக்கப்பெற்ற ஆணையால் அறிவிக்கப்பட்டது. லிங்கனது விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்து இரண்டரை ஆண்டு கழிந்த பின்னரே அவ்வாணை அங்குச் சென்றது. (அந்நாள் 2021 முதல் நாடு முழுதுக்கும் அரசாங்க விடுமுறையாக உள்ளது.) விடுதலை பெற்றோர் பலர் ஹூஸ்டனுக்கு வந்து, நான்காம் வார்டு, மூன்றாம் வார்டு, ஐந்தாம் வார்டு என வழங்கும் பகுதிகளிற் குடியமர்ந்தனர். வார்டு என்னும் ஆட்சிப் பிரிவு நெடுநாட்களுக்கு முன்பே ஒழிந்தது; பெயர் மட்டும் ஒழியவில்லை. இன்றும் அவ்வூர்ப் பாடகன் தன்னை இன்ன வார்டினன் என்று சொல்லியே பாடத் தொடங்குகின்றான். 1872-இல், ஜாக் யேட்ஸ் என்னும் பாப்திஸ்து போதகரும் அவரோடொத்த சிலரும் பொருள் திரட்டி, மூன்றாம் வார்டில் 10 ஏக்கர் நிலம் வாங்கினர். தம் விடுதலை நாளை ஆண்டுதோறும் கூடிக் கொண்டாடுதற்கென்றே வாங்கிய நிலம் அது. விடுதலைப் பூங்கா என்னும் பெயரோடு இன்றும் விளங்குகின்றது. ஜாக் யேட்ஸ் என்னும் பெயரை வாசகர் மறவாதிருப்பாராக.

அப்பூங்காவை ஒட்டிய தெருக்களில் லைட்னின் ஹாப்கின்ஸ் என்னும் கித்தார் வித்துவான் பல்லாண்டு பாடித் திரிந்தார். 1912-இற் பிறந்து 1982-இல் மறைந்த இவர், புளூஸ் என்னும் துயரப்பாட்டில் வல்லவர். கண்முன் நடந்ததை அப்பொழுதே பாட்டாக்குதலும், பாட்டின் நடுவே பேச்சுக்கு இறங்கிப் பின் பாட்டுக்கு ஏறுதலும் அவர் வழக்கம். எழுதி வைத்துக்கொள்ளாது நின்றவாறே கட்டிச் சொல்லும் இவ்வழக்கத்தைப் பின்வந்த சொல்லிசைக்காரரிடத்தும் காண்கின்றோம். ஐந்தாம் வார்டிலோ, டான் ராபி என்னும் கறுப்பின வணிகர் 1949-இல் பீகாக் என்னும் இசைத்தட்டுக் கம்பெனியைத் தொடங்கினார். பிக் மாமா தார்ன்டன் என்னும் பாடகியின் புகழ்பெற்ற இசைத்தட்டு 1953-இல் அங்கிருந்தே வெளிவந்தது. பிறர் கையை எதிர்பாராது தம் ஊரிலேயே பாடி, தம் ஊரிலேயே அச்சிட்டு, தாமே விற்கும் துணிவு இவ்வாறு சொல்லிசைக்கு முன்பே அங்கு வேரூன்றியிருந்தது.

1980-களின் இடையில், அதே ஐந்தாம் வார்டைச் சேர்ந்த ஜே. பிரின்ஸ் என்பார் ராப்-எ-லாட் என்னும் கம்பெனியை நிறுவினார். பழைய கார்களை வாங்கி விற்பது அவர் முந்திய தொழில். டெக்ஸாஸ் சதர்ன் பல்கலைக்கழகத்தின் வானொலி நிலையத்தில் இளைஞரே நடத்திய சனிக்கிழமை நிகழ்ச்சியும், கேளிக்கை அரங்குகளில் இருவர் எதிரெதிர் நின்று ஒருவரையொருவர் வசைபாடும் போட்டிகளும் அக்காலத்தே ஊராரை ஈர்த்தன. இப்போட்டிகளிற் பெயர் பெற்ற வில்லி டி, ஸ்கார்ஃபேஸ் எனப்படும் பிராட் ஜார்டன், ஜமைக்காவிற் பிறந்த குள்ள உருவினரான புஷ்விக் பில் ஆகிய மூவரும் கெட்டோ பாய்ஸ் என்னும் குழுவின் பாடகராயினர். இவர்தம் பாட்டுக்களிற் பல இம்மலரின் பக்கங்களில் எடுத்துரைக்கத் தகாதன. வன்சொல்லும் பெண்மையை இழித்துரைத்தலும் அவற்றில் மலிந்துள்ளன. 1990-இல் ஒரு பெரிய கம்பெனி இவர்தம் இசைத்தட்டை விற்பனைக்கு அனுப்ப மறுத்ததும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. ஆயினும், 1991-இல் வெளிவந்த இவர்தம் ‘மைண்ட் பிளேயிங் டிரிக்ஸ் ஆன் மி’ என்னும் பாட்டு வேறொரு தரத்தது. வீரம் பேசுதலே வழக்காயிருந்த கலையில், இரவில் உறங்கவியலாது தன் நிழலுக்கே அஞ்சும் ஒருவனை அது முன்னிறுத்தியது. பகைவனை அடிப்பதாக எண்ணி வெறுந்தரையை அடித்துக் கை கிழிந்து நிற்கும் மனிதனோடு அப்பாட்டு முடிகின்றது. அமெரிக்கப் பாட்டுவரிசையில் 23-ஆம் இடம்வரை ஏறிய அதுவே, ஹூஸ்டனிலும் கவிதை உண்டு என வெளியூரார் முதன்முதல் ஒப்புக்கொண்ட பாட்டு.

ஹூஸ்டனுக்குக் கிழக்கே எண்ணெய்ச் சுத்திகரிப்பாலைகள் சூழ்ந்த போர்ட் ஆர்தர் என்னும் சிற்றூரினின்று வந்த பிம்ப் சி, பன் பி என்னும் இருவரையும் இங்கே சுருங்கக் கூறி அமைவோம். யு.ஜி.கே. என்னும் பெயரோடு பாடிய இவர்தம் 1996-ஆம் ஆண்டு இசைத்தொகுதியில், கோயில் ஆர்கனின் ஒலியும் புளூஸ் கித்தாரும் சொல்லிசையோடு கலந்தன. தம் பாட்டினை நாட்டுப்புற ராப் என்று பிம்ப் சி பெருமிதத்தோடு அழைத்தார். பன் பி, 2011-இல் ரைஸ் பல்கலைக்கழகத்தில் சமயமும் ஹிப்-ஹாப் பண்பாடும் என்னும் பொருள்பற்றி ஒரு பேராசிரியரோடு இணைந்து மாணவர்க்குப் பாடஞ்சொன்னார் என்பது நம் கல்லூரியார்க்குச் சுவைதரும் செய்தியாகும்.

இனி, இக்கட்டுரையின் தலைமகனாகிய டி.ஜே. ஸ்க்ரூவிடம் வருவோம். இவர் இயற்பெயர் ராபர்ட் ஏர்ல் டேவிஸ். 1971-இற் பிறந்து ஸ்மித்வில் என்னும் சிற்றூரில் வளர்ந்து, இளமையிலேயே ஹூஸ்டனின் தென்பகுதிக்கு வந்தவர். ஸ்க்ரூ என்றாலோ திருகாணி. தமக்குப் பிடியாத இசைத்தட்டைத் திருகாணியாற் கீறிவிடுவார் ஆகலின் தோழர் அப்பெயரிட்டனர் என்பர். இவர் பாடகர் அல்லர், கவிஞரும் அல்லர். பிறர் பாடிய இசைத்தட்டுக்களை இரண்டு சுழற்பொறிகளில் வைத்துக் கலந்து ஒலிநாடாவிற் பதிவதே இவர் தொழில். அத்தொழிலில் இவர் இரண்டு புதுமை செய்தார். முதலாவது, பாட்டின் ஓட்டத்தைத் தளர்த்தினார். குரல் கீழிறங்கி, கனத்து, பாகு வழிவதுபோல் மெல்ல நகருமாறு செய்தார். இரண்டாவது, ஒரே பாட்டின் இரு தட்டுக்களை ஒரு தாளம் முன்பின்னாக ஓடவிட்டு, இதனின்று அதற்கும் அதனின்று இதற்கும் மாறிமாறிச் சென்று, ஒரு சொல்லை இருமுறை மும்முறை ஒலிப்பித்தார். வெட்டுதலும் தளர்த்துதலும் கலந்த இம்முறை 1990-களின் தொடக்கத்தில் உருப்பெற்றது.

தளர்த்துவதால் என்ன பயன்? ஈண்டு யாம் எம் செவியறிந்ததையே கூறுகின்றோம். நியூயார்க்குச் சொல்லிசையின் விரைவிற் சொற்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஓடும். கேட்போன் பின்னே ஓடவேண்டும். ஸ்க்ரூவின் நாடாவிலோ ஒவ்வொரு சொல்லும் தன்னிடத்தில் நின்று, முகங்காட்டிப் பின் நகர்கின்றது. எதுகை வரப்போகின்றது என்று செவி காத்திருக்கின்றது. வந்தபோது அது இருமுறை ஒலிக்கின்றது. தென்னாட்டார் இழுத்துப் பேசுகின்றனர் என்று நகைத்தனர் அன்றோ? அவ்விழுப்பையே ஸ்க்ரூ கலையாக்கினார். நியூயார்க்காரின் பாட்டையும் பொறியிலிட்டுத் தென்னாட்டு உச்சரிப்பிற் பேசவைத்தார். பின்பற்றியவர் யார், பின்பற்றப்பட்டவர் யார் என்பது இதனால் தலைகீழாயிற்று.

ஆயினும் ஸ்க்ரூவின் பெருமை பொறியில் மட்டும் இல்லை. அவ்வட்டாரத்து இளைஞன் ஒருவன் தனக்கு விருப்பமான பாட்டுக்களின் பட்டியலைக் கொண்டுவந்து தருவான். அவனுக்கென்றே ஒரு நாடா ஆயத்தமாகும். நடுவே ஒலிவாங்கியைத் தோழர் கையிற் கொடுப்பார். அவர்கள் எழுதா நாவால் அப்பொழுதே கட்டிப் பாடுவர். தெருவின் பெயர், நண்பர் பெயர், சிறையிலிருப்போர் பெயர், இறந்தோர் பெயர் என அப்பாட்டுக்கள் பெயர்களால் நிறைந்தவை. 1996 ஜூன் 27-ஆம் நாள், ஒரு தோழரின் பிறந்தநாளுக்காகப் பதிவான நாடாவில் அரைமணி நேரத்துக்கு மேலாக ஒருவர்பின் ஒருவராகப் பாடிய பாட்டு உள்ளது; ஆண்டுதோறும் அந்நாளை ஹூஸ்டனார் நினைவுகூர்கின்றனர். நாடாக்கள் முதலில் அவர் வீட்டு வாயிலிலேயே விற்கப்பெற்றன. மாலைதோறும் கார்கள் வரிசையாக வந்து நிற்பதைக் கண்ட போலீசார், போதைப்பொருள் வாணிகம் நடைபெறுகின்றது என ஐயுற்றனராம். 1998-இல் நாடாக்களையன்றி வேறெதனையும் விற்காத கடையொன்றை அவர் திறந்தார். வானொலியின் துணையோ, பெருங் கம்பெனியின் துணையோ இன்றிப் பரவியவை அவை. பின்னாளில் வரிசைப்படுத்தி வெளியிடப்பெற்றனவே 300-க்கு மேற்படும்.

முன்பு யாம் குறித்த காரை இங்கு நினைவுகூர்க. ஞாயிற்றுக்கிழமைகளில் தென்பகுதி இளைஞர் தம் பழைய கேடிலாக் முதலிய கார்களுக்குக் கற்கண்டுபோற் பளபளக்கும் வண்ணம் பூசி, கம்பிச்சக்கரங்கள் முழங்கைபோல் இருமருங்கும் துருத்தி நிற்க, பின்பெட்டியைத் திறந்துவிட்டு மெல்ல ஊர்ந்து செல்வர். 1983, 1984-ஆம் ஆண்டுக் கேடிலாக் கார்களின் சக்கரங்களுக்கே மதிப்பு மிகுதியாகலின், அவ்விரண்டு எண்களும் ஹூஸ்டன் பாட்டில் உவமைபோல வந்துகொண்டேயிருக்கும். இது தேரோட்டமேயன்றிப் பந்தயம் அன்று. விரைந்து செல்பவனுக்கு விரைந்த தாளம் வேண்டும். பலர் காண ஊர்ந்து செல்பவனுக்கு ஊரும் தாளமே பொருந்தும். இசை வண்டியின் நடையைப் பெற்றதா, வண்டி இசையின் நடையைப் பெற்றதா என்பதை ஆராய்ந்து தீர்த்தல் எமக்கு இயலாது. இரண்டும் ஒருங்கே வளர்ந்தன என்பதே பொருத்தம்.

இதனோடு பிணைந்த ஒரு துயரத்தையும் கூறாதொழிதல் தகாது. கோடீன் கலந்த இருமல் மருந்தை இனிப்புநீரிற் கலந்து குடிக்கும் தீயவழக்கம் ஹூஸ்டன் இளைஞரிடையே பரவியிருந்தது. அம்மருந்தின் மயக்கமே இசையைத் தளரச்செய்தது என வெளியூரார் பலர் எழுதினர். ஸ்க்ரூவின் தோழர் அதனை மறுத்தனர். தளர்த்தும் முறை செவியினாற் பிறந்தது என்னும் அவர் கூற்றை யாம் நம்புகின்றோம்; முன்சொன்ன காரும் புழுக்கமும் இழுத்த பேச்சும் அதற்குப் போதிய காரணங்களே. எனினும், பாட்டு மருந்தைப் புகழ்ந்தது. மருந்து பாடுவோரைக் கொன்றது. 2000 நவம்பர் 16-ஆம் நாள் ஸ்க்ரூ தம் பதிவறையில் இறந்து கிடந்தார். உடலிற் கோடீன் காணப்பட்டது. வயது 29. பிம்ப் சி 2007-இல் தம் 33-ஆம் வயதில் மாண்டதற்கும் அம்மருந்து ஒரு காரணம் எனப் பரிசோதித்தோர் கூறினர். ஸ்க்ரூவின் குழுவிற் சிறந்த பாடகராகிய ஃபேட் பாட் 1998-இற் சுடப்பட்டு இறந்தார். அவர் தமையன் பிக் ஹாக் 2006-இற் சுடப்பட்டு இறந்தார். எம்மினும் சில ஆண்டே மூத்தவர்களாய் மடிந்த இவர்தம் குரல்களைக் கேட்கும்போது, இசையின் தளர்ச்சி வேறொரு பொருளும் தருகின்றது.

ஸ்க்ரூ மறைந்து நான்கைந்து ஆண்டுகளில் நகரின் புகழ் உச்சியடைந்தது என்பது வியப்பே. வடபகுதியில் 1997-இல் தோன்றிய ஸ்விஷாஹவுஸ் கம்பெனி, தென்பகுதியின் முறையைத் தானும் மேற்கொண்டிருந்தது. அதன் பாடகராகிய மைக் ஜோன்ஸ், ஸ்லிம் தக், பால் வால் மூவரும் சேர்ந்த ‘ஸ்டில் டிப்பின்’ என்னும் பாட்டு 2004-இல் வெளிவந்தது. இத்தாலிய நாட்டு ரொஸ்ஸினியின் வில்லியம் டெல் இசைநாடகத்து வயலின் ஒலியை எடுத்துத் தளர்த்தி, அதன்மேற் பாடிய பாட்டு அது. மைக் ஜோன்ஸ் தம் பாட்டிலேயே தம் தொலைபேசி எண்ணைச் சொல்லி ஊராரை அழைக்கச் செய்தார். விளம்பரக்கலை பயில்வோர் நோக்குக! 2005-இற் பால் வாலின் இசைத்தொகுதி நாட்டிலேயே முதலிடம் பெற்றது. 2006-இற் கமிலியனேரின் ‘ரைடின்’ என்னும் பாட்டும் முதலிடம் பெற்று, மறுவருடம் கிராமி விருதும் பெற்றது. காரிற் செல்லும் கறுப்பின இளைஞனைப் போலீசார் பின்தொடர்தலே அப்பாட்டின் பொருள்.

புகழ் அங்கே நின்றுவிடவில்லை. கனடா நாட்டு டிரேக் 2009-இற் ஸ்க்ரூவின் முறையிற் பாட்டமைத்தார். முன்பு தென்னாட்டாரை நகைத்த நியூயார்க்கினின்றே ஏசாப் ராக்கி 2011-இல் ஹூஸ்டன் நடையில் வெளிப்பட்டார். ஆஸ்கார் விருதுபெற்ற ‘மூன்லைட்’ என்னும் 2016-ஆம் ஆண்டுப் படத்தில் வயலின் இசையையும் இவ்வாறே தளர்த்திக் கையாண்டனர். நம் விடுதி அறைகளில், இரவு வேளையில், தமிழ்த் திரைப்பாட்டுக்களையே தளர்த்தி எதிரொலி கூட்டிய வடிவில் நண்பர் பலர் கேட்டுக்கொண்டு படிக்கின்றனர். அம்முறை எவ்வூரினின்று வந்தது என வினவினோம். அறிந்தார் ஒருவரும் இலர். உலகம் ஹூஸ்டனின் மெதுவை எடுத்துக்கொண்டது. அந்நாடாக்களை நிறைத்திருந்த பெயர்களை அங்கேயே விட்டுவிட்டது. எமக்கு இது சிறு இழப்பாகத் தோன்றவில்லை. அயலான் செவிக்குத் தளர்ந்த தாளம் போதும்; அவ்வட்டாரத்தாருக்கோ அது தன் பெயர் சொல்லப்படும் வரையிற் காத்திருத்தற்குரிய தாளம்.

அப்பெயர்களைக் காக்கும் முயற்சியை ஹூஸ்டன் பல்கலைக்கழக நூல்நிலையத்தார் மேற்கொண்டுள்ளனர். ஸ்க்ரூ கையாண்ட ஆயிரத்துக்கு மேற்பட்ட இசைத்தட்டுக்களையும், புகைப்படங்களையும், பாடகர் எழுதிய ஏடுகளையும் திரட்டி, 2012-இற் காட்சிக்கு வைத்தனர். வீட்டு வாயிலிற் போலீசார் ஐயுற்று நோக்கிய அதே சரக்கு, இன்று ஆராய்ச்சி மாணவர் கையுறையணிந்து தொடும் பொருளாயிற்று.

அந்நாடாக்களிற் சிலவற்றில், 1990-களின் பிற்பகுதியிற் பதிவான ஒரு கனத்த குரல் உள்ளது. அதற்குரியவர் பிக் ஃபிளாய்ட் எனத் தம்மைக் கூறிக்கொள்கின்றார். மூன்றாம் வார்டின் பெயரைச் சொல்கின்றார். தோழரை ஒவ்வொருவராக வாழ்த்துகின்றார். அவர் வளர்ந்தது அவ்வார்டிலுள்ள கியூனி ஹோம்ஸ் என்னும் ஏழையர் குடியிருப்பு. கல்வி கற்றது ஜாக் யேட்ஸ் உயர்நிலைப் பள்ளி. விடுதலைப் பூங்காவுக்கு நிலம் வாங்கிய அப்போதகரின் பெயர் தாங்கியது. 2020 மே 25-ஆம் நாள், மினியாபொலிஸ் நகரிற் போலீசார் ஒருவரின் முழங்காலின்கீழ் மூச்சடங்கி மாண்ட ஜார்ஜ் ஃபிளாய்ட் இவரே. உலகம் கேட்டது அவருடைய இறுதி மூச்சின் குரலை. மூன்றாம் வார்டார் அதற்கு இருபதாண்டுக்கு முன்பே, ஸ்க்ரூவின் நாடாவில், மெல்ல நகரும் தாளத்தின்மேல், அவர் மகிழ்ந்து பாடிய குரலைக் கேட்டிருந்தனர்.